பழைய ஜார், புது மிக்ஸி

வீட்டில் மிக்ஸி மாற்றியிருக்கிறீர்களா? புது மிக்ஸி வந்து இறங்கும். பழைய ஜாரை அதில் வைத்தால் உட்காராது. அடிப்பக்கத்துப் பல் கொஞ்சம் மாறியிருக்கும். கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே புது ஜார் வாங்குவீர்கள். அந்தப் பழைய ஜாரை ஒரு காலத்தில் சும்மா கொடுத்த எதிர்வீட்டு மாமாவின் கதவைத் தட்டி, 'என்ன சார், சட்னி அரைக்க முடியல. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க' என்று சத்தம் போட மாட்டீர்கள்.

கம்ப்யூட்டர் உலகத்தில் தினமும் போடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிற தளம். ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டே 'அப்டேட்' பொத்தானை அமுக்கினார். ஆர்டர் வாங்குகிற படிவம் காணாமல் போய்விட்டது. 'அந்த ப்ளக்-இன்னை எழுதினவனுக்கு அறிவே இல்ல சார்' என்று போனில் கொதித்தார்.

'என்ன விலை கொடுத்து வாங்கினீங்க?'

'ஃப்ரீதான்.'

'எத்தனை வருஷமா ஓடிச்சு?'

'ஆறு வருஷம் இருக்கும்.'

ஆறு வருஷம் ஆர்டர் வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி என்று ஒரு வரி எழுதாத மனிதர், படிவம் நின்ற ஐந்தாவது நிமிஷம் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டு வந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வேர்ட்பிரஸ் 2003-ல் ஆரம்பித்தது. இன்று உலகத்து வலைத்தளங்களில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அது மிக்ஸி. ப்ளக்-இன் என்பது ஜார். படிவத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று சுமார் 60,000 ஜார்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய கம்பெனிகள் செய்தவை கொஞ்சம். மிச்சத்தில் பெரும்பகுதி, ஆபீஸ் விட்டு வந்து, குழந்தை தூங்கினபின் யாரோ எழுதியது.

அந்த யாரோவுக்கு 2020 எப்படி இருந்தது தெரியுமா? ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தது. பழைய ஜேக்வெரி நிரல்களைப் புதியதோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஒரு பாலத்தை அதில் எடுத்துவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். ஆனாலும் பல தளங்களில் மெனு திறக்கவில்லை, பொத்தான் அமுங்கவில்லை. பாலத்தைத் திரும்ப மாட்டித் தருவதற்கென்றே தனியாக ஒரு ப்ளக்-இன்னை வேர்ட்பிரஸ்காரர்களே வெளியிட வேண்டியதாயிற்று. நவம்பரில் பிஎச்பி 8 வந்தது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி அது. ஒன்றுமே இல்லாததைக் கொடுத்து 'இதில் எத்தனை இருக்கிறது, எண்ணு' என்றால், முந்தைய பதிப்பு முணுமுணுத்துவிட்டு மேலே போகும். பிஎச்பி 8 அங்கேயே கடையைச் சாத்திவிடும். மூச்சு விடுவதற்குள் டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.6. ஜேக்வெரியே மாறிவிட்டது. ஐந்து மாதத்தில் மூன்று அடி. யாரோ மூன்று முறை ராத்திரி கண்விழித்தார். சம்பளம், பூஜ்யம்.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. பழைய நிரலில் ஓட்டை இருக்கும், திருடன் வருவான். மிக்ஸி மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் மாற்றத்தின் பில்லை யார் தலையில் கட்டுகிறோம் என்று பாருங்கள். மாற்றச் சொன்னவர் அவரில்லை. லாபம் பார்ப்பவரும் அவரில்லை.

இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு ப்ளக்-இன்னுடனும், 'வேர்ட்பிரஸ்ஸின் இன்ன பதிப்புவரை சோதித்தது' என்று ஒரு வரி இருக்கும். மூன்று பெரிய பதிப்புகள் தாண்டியும் அந்த எண்ணை மாற்றாவிட்டால் பக்கத்தின் உச்சியில் ஓர் எச்சரிக்கை தொங்கும். உள்ளே நிரல் கல் மாதிரி நன்றாக இருக்கலாம். ஒரு எண்ணை மாற்றவில்லை என்பதற்காக, 'செத்துப்போன ப்ளக்-இன்' என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

'யார் சார் அவரை எழுதச் சொன்னது? போட்டா பொறுப்பு ஏத்துக்கணும்ல?' இதைப் படித்த மனிதர்களே கேட்கிறார்கள். கூடவே வரும் உரிமப் பத்திரத்தை ஒருமுறை படியுங்கள். உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அதில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விற்பவரைச் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டு உப்பு கம்மி என்று பானையை உடைக்கிறவனோடு வர மாட்டேன்.

தர்மம், நியாயம் எல்லாம் வேண்டாம், சுயநலமாகவே யோசிக்கலாம். இப்படிக் குத்திக் குத்திக் களைத்துப்போகிறவர் ஒருநாள் சாவியைக் கேட்டவனிடம் கொடுத்துவிடுவார். 2018-ல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற நிரல் துண்டுக்கு அதுதான் நடந்தது. வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை இறக்கப்பட்ட சரக்கு. எழுதியவருக்கு அதனால் ஒரு பைசா வரவில்லை. அவரே அதைப் பயன்படுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவன், 'நான் பார்த்துக்கறேன்' என்றான். கொடுத்தார். வந்தவன் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே சொருகினான்.

2024-ல் அதைவிடப் பெரிசு. 'எக்ஸ்-இஜட்' என்பது ப்ளக்-இன் அல்ல, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் கோப்பைச் சுருக்கும் கருவி. வியாதி ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டத்தட்ட ஒற்றை ஆள். ஏன் இவ்வளவு லேட் என்று 2022-ல் சிலர் துளைத்தெடுத்தார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். உதவிக்கு வந்த 'நல்லவன்' இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, கடைசியில் கொல்லைக் கதவு வைத்தான். ஆன்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற எஞ்சினியர், லாகின் ஆக அரை விநாடி அதிகமாகிறதே என்று நோண்டப்போய்க் கண்டுபிடித்தார். அன்றைக்குத் துளைத்தெடுத்தவர்களே அவனுடைய கூட்டாளிகளாக இருக்கலாம் என்று இப்போது சந்தேகப்படுகிறார்கள். எந்தக் குரல் கூட்டாளி, எந்தக் குரல் வாடிக்கையாளர் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. எப்படி முடியும்? இரண்டும் ஒரே மாதிரி அல்லவா கத்துகின்றன!

உங்கள் கம்பெனி இதில் சம்பாதிக்கிறதா? பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்குங்கள். பணமில்லையா, எந்தப் பதிப்பில், என்ன பிழைச்செய்தி வந்தது என்று மரியாதையாக எழுதுங்கள். 'வேலை செய்யல' என்பது பிழை அறிக்கை அல்ல, ஒப்பாரி. நிரல் எழுதத் தெரியுமா, திருத்தி அனுப்புங்கள். நிஜத் தளத்தில் அப்டேட் அமுக்குமுன் ஒரு நகலில் அமுக்கிப் பாருங்கள். எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: முடியவில்லையென்றால் முடியவில்லை என்று போர்டு மாட்டிவிடுங்கள். 'தத்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அறிவிக்க வேர்ட்பிரஸ்ஸிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

நம் கடைக்கார நண்பர் கடைசியில் ஒரு புரோகிராமர் பையனைப் பிடித்தார். மூன்று வரி மாற்றம், ஒரு மணி நேர வேலை. நான் நச்சரித்ததில், திருத்தத்தை ஆசிரியருக்கு அனுப்பியும் வைத்தார்கள். இரண்டு நாளில் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒற்றை ஸ்டார் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டால், பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்கிறார்.