நான்காவது பாடம் யாருக்காக?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான்: ‘ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?’ இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். மார்க் எடுத்த பிள்ளை இந்த நான்கையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: “டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியரிங்கும் போகலாம்.”

இந்தப் பதில் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. மருத்துவ கட் ஆஃப் 200-இல் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பொறியியல் கட் ஆஃபில் உயிரியல் இருந்த இடத்தில் கணிதம். ஒரே பொதுத்தேர்வை நன்றாக எழுதினால் இரண்டு வரிசையிலும் நிற்கலாம். கூடுதலாக ஒரு பாடம் படிப்பது அன்றைக்கு நல்ல இன்சூரன்ஸ்தான்.

2017-இல் தமிழ்நாட்டுக்கு நீட் வந்தது. எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு பிளஸ் டூ உயிரியல் மார்க்கை இப்போது யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தேர்ச்சியும் குறைந்தபட்சத் தகுதியும் இருந்தால் போதும், மற்றதை நீட் தீர்மானிக்கும். அதாவது பாலிசி காலாவதியாகிவிட்டது. நாம் பிரீமியம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டுவது நம் பணம்கூட இல்லை, ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தூக்கம்.

நீட்டுக்குத் தயாராகிற பிள்ளைக்கு, அது கைவிட்டால் கணிதம் கைகொடுக்குமே என்பார்கள். கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணிதம் இல்லாமலே கால்நடை மருத்துவம், வேளாண்மை, பார்மசி, துணை மருத்துவப் படிப்புகள், அறிவியல் பட்டப்படிப்புகள் எல்லாம் இருக்கின்றன. அதில் பலவற்றுக்கு இன்றைக்கும் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. பொறியியல் மட்டுமே வேண்டும் என்று இருக்கிற பிள்ளைக்கோ கட் ஆஃபில் உயிரியலின் மதிப்பு சரியாகப் பூஜ்யம். பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு பாடங்களுக்கு எட்டுப் பாடநூல். அதில் இரண்டை எந்தக் கணக்கிலும் சேராத ஒன்றுக்காக அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது.

போன மே மாதம் அக்கா போன் பண்ணினாள். “டேய், இவனுக்கு எந்த குரூப்டா போடலாம்?”

“அவன் என்ன சொல்றான்?”

“அவனைக் கேட்டா? அவனுக்கு என்னடா தெரியும்?”

இந்த ஒரு வரிதான் மொத்தப் பிரச்சினையும். ‘பதினைந்து வயசுல பிள்ளைங்க எப்படி முடிவெடுக்கும்?’ என்று கேட்கிறோம். நான்கையும் எடுப்பது முடிவு இல்லை, முடிவைத் தள்ளிப்போடுவது. தள்ளிப்போடுவது நாம், அதற்கான விலையைக் கொடுப்பது அவர்கள். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ‘பின்னாடி தேவைப்படலாம்’ என்று எழுதிவைத்த கோடு பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் அதை யாராவது பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 2019-இல் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. இரண்டு மொழிப்பாடங்களோடு மூன்று முதன்மைப் பாடங்கள் போதும், மொத்தம் 500 மதிப்பெண். நான்கு பாடம் வேண்டுமென்றால் பழைய 600-லேயே தொடரலாம். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதிர்ப்பு கிளம்பியது. 2020-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ‘உனக்கு மூணு போதும்’ என்று ஆசிரியரே முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும்? பாடம் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையுமே? இரண்டும் உண்மையான பயங்கள். ஆனால் அதற்கு மருந்து, தேர்வு செய்யும் உரிமையை மாணவர் கையில் எழுத்தில் கொடுப்பதும், பணியிடங்களைக் காப்பதும். உரிமையையே பிடுங்குவது மருந்தாகாது.

‘மூணு படிச்சா தரம் குறைஞ்சிடும்’ என்பவர்கள் பக்கத்தில் இலங்கையைப் பார்க்கட்டும். அங்கே உயர்தரத்தில் முன்பு நான்கு பாடம் இருந்தது. தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்து உயிரியல், தூய கணிதத்தையும் பிரயோக கணிதத்தையும் சேர்த்து இணைந்த கணிதம் என்று ஆக்கி மூன்றாகக் குறைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை உயிரியல் பிரிவா கணிதப் பிரிவா என்று அந்த வயதிலேயே தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் ஏ லெவலிலும் மூன்று பாடம்தான் வழக்கம். அங்கேயும் மருத்துவர்களும் பொறியாளர்களும் உருவாகத்தான் செய்கிறார்கள்.

இலக்கிய இதழில் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நான்கு பாடம் சுமக்கிற பிள்ளை முதலில் கைவிடுவது எதை? கட் ஆஃபில் வராத தமிழை. பல தனியார் பள்ளிகளில் தமிழ்ப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தர மாட்டார். அடுத்து நூலகம் போகும், விளையாட்டு போகும், சும்மா உட்கார்ந்து ஒரு நாவல் வாசிக்கிற சாயங்காலம் போகும். ‘இளைஞர்கள் வாசிப்பதில்லை’ என்று மேடையில் வருத்தப்படுகிற நாம்தான், வாசிக்கப் பழக வேண்டிய இரண்டு வருடங்களில் ஒரு மணி நேரத்தைக்கூட அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.

அந்த அரசாணை திரும்ப வர வேண்டும், கட்டாயமாக அல்ல, விருப்பத் தேர்வாக. நான்கும் பிடித்துப் படிக்கிற பிள்ளைகள் தாராளமாக நான்கும் படிக்கட்டும். அது வரும்வரை இதை வாசிக்கிற உங்களால் ஒன்று முடியும். வீட்டில் தம்பியோ தங்கையோ பத்தாவது முடித்தால், பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்னால், ‘இதில் எதை நீ படிக்க விரும்பவில்லை?’ என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் டக்கென்று வரும். அதை வீட்டில் எடுத்துச் சொல்ல மட்டும் கூட நில்லுங்கள்.