அச்சகத்தின் படியேறும் முன்...



சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் விலையாகி, கையில் நாலு காசு புழங்கும் காலம் வந்துவிட்டால் நம் தஞ்சைத் தரணியின் ஊர்களில் அச்சு வேலைகளும் கூடவே பெருகிவிடும். ஒரு மஹல்லாவில் பள்ளிவாசலின் நூற்றாண்டு மலர். மற்றொன்றில் மதரஸாவின் ஆண்டறிக்கை. ஒரு வீட்டில் நிக்காஹ் அழைப்பிதழ். இன்னொரு வீட்டில் மறைந்த பெரியவரின் வாழ்க்கைக் குறிப்பு. நகை வாங்கக் கடைக்குப் போனால் உரைத்துப் பார்க்கிறோம். புடவை எடுக்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். அச்சகத்துக்குப் போனால் மட்டும், "நன்றாகப் போட்டுக் கொடுங்கள்" என்ற ஒரே சொல்லோடு முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். அந்தப் பழக்கத்தினால் எங்கள் குடும்பம் இழந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு செய்திக்கு வருகிறேன்.

என் உம்மாவைப் பெற்ற பாட்டியார் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஓதப் போன இடத்தில் கற்ற எழுத்தே அவருக்கு எழுத்து. ஆகவே நோட்டு முழுவதும் அரபுத் தமிழிலேயே இருந்தது. தாலாட்டுகள், மருதாணி இரவில் பாடும் பாட்டுகள், கைவைத்தியக் குறிப்புகள், கடைசிப் பக்கங்களில் குடும்பத்தின் பிறப்பு இறப்புகள் ஆகியவற்றை ஹிஜ்ரி தேதியோடு எழுதியிருந்தார். 2009-ஆம் ஆண்டு, வளைகுடாவில் இருந்த பேரப்பிள்ளைகள் பணம் அனுப்ப, அதை நூலாக்கத் துணிந்தோம். அச்சகத்தார் ஒருவரிடம் நோட்டையே ஒப்படைத்தோம். பளபளக்கும் ஆர்ட் தாளைக் காட்டினார், மயங்கிச் சம்மதித்தோம். ஐந்நூறு படிகள் வந்தன. பார்க்க அழகாகவே இருந்தன.

முதல் அடைமழைக் காலத்திலேயே ஏடுகள் முதுகிலிருந்து கழன்று விழத் தொடங்கின. அதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். நோட்டைத் திரும்பப் பெற்று விரித்தபோதுதான் நெஞ்சு பதறியது. ஏடுகளைத் தட்டையாகப் படியெடுப்பதற்காகத் தையலை அறுத்திருந்தார்கள். சில தாள்கள் எங்கோ போய்விட்டன. அவை நூலிலும் ஏறவில்லை. பிறந்த சில நாட்களிலேயே மறைந்த ஒரு குழந்தையின் பெயர் அத்தாள்களில் ஒன்றில் இருந்தது. பாட்டியாரும் இல்லை, தாளும் இல்லை. அக்குழந்தையின் பெயர் இன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

அச்சகத்தாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கேட்க வேண்டியதைக் கேளாதவர்கள் நாங்கள். அந்தக் கேள்விகளைத்தான் இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

அச்சுத் தொழில் நம் காவிரிக் கரைக்குப் புதிதன்று. கடலோரத் தரங்கம்பாடியில் டேனியர் ஆட்சி நடந்த நாளில், சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அச்சகம் அமைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் அங்கே வந்து சேர்ந்தன. ஆனால் அவை அளவில் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின. கப்பலில் வரும் தாளோ அருமையான பொருள். எனவே பாலாடைக்கட்டி வந்திறங்கிய ஈய உறைகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்து ஊரான பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றையும் நிறுவினார்கள். எழுத்தின் அளவு, தாளின் அளவு, செலவின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்திழுக்கும் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பட்டறிந்த பாடம். இன்றைக்கும் அச்சகத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் அதே மூன்றைச் சுற்றித்தான்.

முதலாவது, எத்தனை படிகள் தேவை? ஆப்செட் அச்சில் தகடு செய்வதற்கும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு, நூறு படி அடித்தாலும் ஆயிரம் படி அடித்தாலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே படிகள் கூடக் கூட ஒரு படியின் அடக்க விலை குறையும். டிஜிட்டல் அச்சில் தகடு இல்லை; முதற் படியும் ஐம்பதாவது படியும் ஒரே விலை. குடும்ப நூலுக்கு ஐம்பது, நூறு படிகள் போதுமென்றால் டிஜிட்டலே பொருத்தம். ஊரெல்லாம் வழங்கும் ஆயிரம் மலர்களுக்கு ஆப்செட் பொருத்தம். "ஐந்நூறு அடித்தால் ஒன்று மலிவு" என்ற பேச்சுக்கு மயங்கி, முந்நூற்றைக் கரையானுக்குக் கொடுப்பது சிக்கனமன்று, வீண் விரயம்.

இரண்டாவது, அளவும் பக்கக் கணக்கும். தமிழ் நூல்களில் பெரிதும் வழங்குவது டெமி அளவு. ஒரு டெமி முழுத்தாளை மடித்தால் எட்டு ஏடு, பதினாறு பக்கம். இதுவே ஒரு பாரம். 160 பக்க நூல் என்றால் பத்துப் பாரம். ஆயிரம் படிகளுக்குப் பத்தாயிரம் தாள், அதாவது இருபது ரீம், சேதாரம் தனி. அதே நூல் 164 பக்கமாகிவிட்டால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியே ஒரு துண்டுப் பாரம் ஓட்ட வேண்டும். முன்னுரையில் இரண்டு பத்தியைச் சுருக்கினால் தீரும் செலவு அது. ஆகவே எழுதி முடித்ததும் பக்கங்களைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, தாள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்வதே ஜி.எஸ்.எம். வாசிப்பு நூலுக்கு 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதும், இளமஞ்சள் சாயல் உள்ள தாள் முதியோர் கண்ணுக்கு இதம். கரூர் மாவட்டத்தின் காகிதபுரத்தில், நம் காவிரிப் பக்கத்திலேயே, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசு ஆலை இயங்கி வருகிறது. நல்ல தாளுக்கு நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை.

ஆர்ட் தாள் என்பது மேலே வெண்களிமண் போன்ற பூச்சிட்டு மெருகேற்றியது. நிழற்படம் அதில் உயிரோடு தெரியும், மறுப்பில்லை. ஆனால் பேனா மை அதில் சரியாக ஊறாது. பசை அந்தப் பூச்சைத்தான் பற்றுமே தவிர உள்ளிருக்கும் நாரைப் பற்றாது. நனைந்து காய்ந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய இரவில் எங்கள் ஓடுகள் பறந்தன. பெட்டியிலிருந்த அந்த 2009-ஆம் ஆண்டுப் படிகள் ஒரே கட்டியாகிப் போயின. அருகிலிருந்த சாதாரணத் தாள் நூல்களைக் காற்றாட விரித்து உலர்த்தி மீட்டோம். கறை உண்டு, வாசிக்கத் தடையில்லை. ஆகவே படங்களுக்கு மட்டும் ஒரு பாரம் ஆர்ட் தாள், மற்றவை மேப்லித்தோ என்று பிரித்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, கட்டு. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறோம். நடுவில் கம்பி ஊசி குத்தும் முறை, அறுபது எழுபது பக்கச் சிறு நூலுக்கும் ஆண்டறிக்கைக்கும் தகும். ஆனால் கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் கம்பி துருவேறித் தாளை அரிக்கும். நீண்ட நாள் நூலுக்கு ஆகாது. முதுகை அறுத்துச் சூடான பசையால் அட்டையை ஒட்டுவது 'பெர்ஃபெக்ட்' கட்டு. பெயருக்கேற்ற முழுமை அதற்கு எப்போதும் இல்லை. சாதாரணப் பசை நாளடைவில் வறண்டு வெடிக்கும். ஆர்ட் தாளில் இன்னும் விரைவாக விடும். பி.யு.ஆர். என்ற பசை இதைவிட உறுதியானது. அச்சகத்தில் அது உண்டா என்று கேளுங்கள்.

தலைமுறை தாண்ட வேண்டிய நூலுக்கு நூல் தையலே வேண்டும். உங்கள் வீட்டில் வாப்பா காலத்து முஸ்ஹஃப் இருந்தால் மெல்ல விரித்துப் பாருங்கள். பாரங்களின் நடுவே வெள்ளை நூலோட்டம் தெரியும். எத்தனை ரமலான்களில் எத்தனை கைகள் அதைப் புரட்டியிருக்கும்! தைத்து, கெட்டி அட்டையிட்டு, முதுகுக்குத் துணி ஒட்டச் சொல்லுங்கள். மாவுப் பசை பயன்படுத்துவோர் மயில்துத்தம் கலப்பதுண்டு. பூச்சியைத் தடுக்க அது உதவும். மற்றொன்று: தாளுக்கும் மூங்கிலைப் போல நாரோட்டம் உண்டு. அது முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். மாறினால் மழைக்காலத்தில் ஏடுகள் அலையலையாக நெளியும். மாதிரித் தாளைக் கிழித்துப் பாருங்கள்; நேராகக் கிழியும் திசையே நாரோட்டம்.

ஐந்தாவது, நம் வீட்டுக்கே உரிய சில செய்திகள். அரபுத் தமிழ் நூல்கள் வலப்புறம் கட்டப்படுபவை. அதற்கெனத் தனி எழுத்துகள் தேவைப்பட்டதால், சென்ற தலைமுறைகளில் கல்லச்சில் கையெழுத்தாகவே பல நூல்கள் வந்தன. இன்று கணினியில் அரபு வரிகளை ஏற்றும்போது, எழுத்துகள் தனித்தனியே பிரிந்தும் திசை மாறியும் நிற்பதைக் காணலாம். அரபு அறிந்த ஆலிம் ஒருவர் அச்சுக்கு முந்திய கடைசி மெய்ப்பைப் பார்த்தே ஆக வேண்டும். முதற் மெய்ப்பில் சரியாக இருந்தது கடைசியில் மாறுவதுண்டு. தெருவில் வழங்கும் துண்டறிக்கை, மடிப்பிதழ்களில் திருவசனங்களை அச்சிடுவதைத் தவிர்ப்பது நல்லது. அவை காலடியில் கிடப்பதை நாமே கண்டு வருந்துகிறோமல்லவா?

மடிப்பிதழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்றாக மடிக்கும் இதழில் உள்ளே மடங்கும் பகுதி இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் முனை முட்டிக் கசங்கும். கனத்த தாளானால் மடிப்புக்கு முன் வரிவடு போடச் சொல்லுங்கள். இன்றேல் மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய நிழற்படம் சுருங்கித் தரம் குறைந்தது. அதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஆறாவதாகச் சொல்வது, எல்லாவற்றிலும் தலையானது. மூலத்தை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். வீட்டிலேயே பக்கம் பக்கமாகப் படியெடுத்து, இலக்கமிட்டு, இரண்டு பேரிடம் பிரதி வைத்துவிட்டு, அந்தப் படியை மட்டும் கொடுங்கள். சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியது, ஏடுகளைத் தேடித் திரட்டிய ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்களின் உழைப்பினாலன்றோ? ஏடு இருந்தால் அச்சு எப்போதும் வரும். ஏடு போனால் எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

பேசிய எல்லாவற்றையும், அதாவது படிகள், அளவு, தாளின் எடை, கட்டின் வகை, மெய்ப்பு எத்தனை முறை, நாள், தொகை என அனைத்தையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படி நமக்கு இடப்பட்ட கட்டளை இதற்கும் பொருந்தும். அதே தாளில் வெற்று மாதிரி நூல் ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள். கையில் ஏந்திப் பார்த்தால் பாதிக் குறை அப்போதே தெரிந்துவிடும்.

நூல் வந்ததும் ஒரு படியைச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் அனுப்புங்கள். வெளியிடுவோர் அவ்வாறு படிகளை அளிக்க வேண்டுமென்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. புயலில் நம் வீட்டுப் படி போனாலும் அங்கே ஒன்று இருக்கும்.

நாங்களும் எஞ்சிய ஏடுகளைக் கொண்டு மறுபடி அச்சிட்டோம். இம்முறை அறுபதே படிகள். சாதாரணத் தாள், நூல் தையல். பிறப்பு இறப்புப் பக்கங்களில், அந்தக் குழந்தைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். இறுதியில் எட்டு வெற்றுப் பக்கங்களும் சேர்த்தோம். சென்ற மாதம் என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பெயரை உம்மாவே, நடுங்கும் கையால், அரபுத் தமிழில் அங்கே எழுதினார்கள். மை நன்றாக ஊறியது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு நோட்டு இருக்கக்கூடும். அச்சிடுவது மெல்ல நடக்கட்டும். இன்றிரவே அதைப் படியெடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.