கெளுத்தி பிடிக்கப் போகும் முன் குட்டையைப் பார்ப்போம்

ஐப்பசி பிறந்து ரெண்டு நல்ல மழை பெய்ததும் ஏரிக்கரை ஊர்களில் பழைய லாரி டியூப்புக்குத் தனி மரியாதை வந்துவிடும். காற்றடித்து, நடுவில் சாக்கை இழுத்துக் கட்டினால் ஒரு ஆள் உட்காரும் படகு தயார். சிலர் தெர்மாகோல் பலகைகளை உரச்சாக்குக்குள் அடுக்கித் தைத்துத் தெப்பம் செய்கிறார்கள். மேட்டூர், ஒகேனக்கல் பக்கம் என்றால் பரிசல். எதில் போனாலும் வேலை ஒன்றுதான்: பொழுது சாயும் நேரத்தில் மண்புழு கோத்த தூண்டிலைப் போட்டுக் கெளுத்திக்குக் காத்திருப்பது.

விவசாயப் பத்திரிகையில் மீன்பிடிக் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்கு ஏரியில் தூண்டிலில் ஏறுவது நாட்டுக் கெளுத்தியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா என்பதைத் தீர்மானிப்பதில் நம்ம பண்ணைக்குட்டைக்கும் பங்கு இருக்கிறது. நஞ்சில்லா விவசாயம் பேசுகிற நாம் இதைப் பற்றி இன்னும் வாய்திறக்கவில்லை. இப்போதாவது பேச வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பருவத்தின் கணக்கைப் பார்ப்போம். கோடையில் சுருங்கிக் கிடந்த ஏரிக்குள் வயல்காட்டுத் தண்ணீர் புழு பூச்சியோடு வந்து விழுகிறது. தண்ணீர் கலங்கி நிற்கும். கெண்டை வகைகள் கலங்கலில் தடுமாறும். கெளுத்திக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் மீசைதான் அதற்குக் கண். இருட்டிலும் சேற்றிலும் மீசையால் தடவியே இரை தேடும். புதுத்தண்ணீர் பரவிய ஆழமில்லாத ஓரங்களுக்கு மேய வரும்.

அந்த ஓரங்களில் பெரிய படகு போகாது. பல ஏரிகளின் உள்வாயில் சமூகக் காடு என்று வைத்த கருவேல மரங்கள் நிற்கின்றன. வலை விரித்தால் முள்ளில் மாட்டிக் கிழியும். டியூப்பும் தெப்பமும் முழங்கால் தண்ணீரிலும் மரத்துக்கு மரம் நுழைந்து போகும், சத்தம் இருக்காது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. செவுள் வலை அகப்பட்டதையெல்லாம் சாகடிக்கும். தூண்டிலில் ஒவ்வொரு மீனாகத்தான் வரும். குஞ்சாக இருந்தால், வயிறு பருத்த சினை மீனாக இருந்தால், முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விடலாம். குடும்பத்துக்கு ஒரு குழம்புக்கு ஆனதும் கரைக்கு வந்துவிடலாம். ஏரிக்குப் பெரிய பாதிப்பில்லாத அறுவடை இது.

அறுவடை செய்ய மீன் வேண்டுமே! நம் ஏரிகளில் கெளுத்தி என்றால் ஒரே மீன் அல்ல. ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது என்று சொல்லும் நாட்டுக் கெளுத்தி இருக்கிறது. கொட்டினால் உயிர் போகிற வலி தரும் தேளி இருக்கிறது. அகன்ற வாயோடு ஆள் நீளத்துக்கே வளரக்கூடிய ஆற்று வாளை இருக்கிறது. இந்த வாளை இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிய வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் நிற்கிறது. நம்ம தாத்தா காலத்தில் சந்தையில் குவிந்து கிடந்த மீன் அது.

இவற்றின் இடத்தைப் பிடிக்க வந்திருப்பதுதான் ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். சின்ன மீன், மீன் முட்டை, தவளை, நத்தை, கோழிக் கழிவு என எது கிடைத்தாலும் தின்னும். காற்றையே நேராக மூச்சாக இழுக்கும். குட்டை வற்றினால் சேற்றில் கிடக்கும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த தண்ணீருக்குப் போகும். மத்திய அரசு 1997-லேயே இதை அழிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. பின்னர் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் கண்டித்தது. மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் செய்திக் குறிப்பு வெளியிடுகிறார்கள். ஆனாலும் குஞ்சு விற்பனை நிற்கவில்லை. டியூப்பில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: நாலு தூண்டில் போட்டால் எத்தனையில் நாட்டு மீன் வருகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இந்த மீன் ஏரிக்குள் எப்படி வருகிறது? யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழிகிறது. வழிந்த தண்ணீர் ஓடையில் விழுகிறது. ஓடை ஏரிக்குப் போகிறது. அவ்வளவுதான். கேரளத்தில் 2018 பெருவெள்ளத்தின்போது வளர்ப்புக் குளங்கள் உடைந்து, ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அமேசான் ஆற்று அரபைமாவும் அங்குள்ள நீர்நிலைகளில் பிடிபட்டன. நம்ம பக்கம் அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டாம். ஐப்பசியில் ஒரு ராத்திரி அடிக்கிற அடைமழை போதும்.

இங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது. ஒருங்கிணைந்த பண்ணை என்றால் மாடு, கோழி, குட்டை, குட்டையில் மீன் என்று பயிற்சிகளில் சொல்கிறோம். நல்ல யோசனைதான். மானியத்தில் குட்டை வெட்டியவர்கள் எந்த மீனை விடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தோமா? வியாபாரி வண்டியில் கொண்டுவந்து "நாட்டுக் கெளுத்திங்க, சீக்கு வராது, ஆறு மாசத்துல கிலோ" என்கிறான். நாட்டுக் கெளுத்தி ஆறு மாதத்தில் கிலோ வராது. அந்தச் சொல்லிலேயே பொய் வெளிப்பட்டுவிடுகிறது. இருந்தும் வாங்கி விடுகிறோம்.

அடையாளம் கஷ்டமில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் ஒரே நீளமாக ஓடும். தலை தட்டையாக, எலும்பு ஓடு போலக் கெட்டியாக இருக்கும். நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு கூடிய குட்டைத் துடுப்பு, அதற்குப் பின்னால் சதைத் துடுப்பு. தேளிக்கு முதுகுத் துடுப்பு பெயருக்குத்தான் இருக்கும். ஆப்பிரிக்க மீனின் சாயலிலேயே நம் நாட்டிலும் ஒரு கெளிறு உண்டு; அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். சந்தேகம் என்றால் வாங்காதீர்கள். அரசு மீன் விதைப் பண்ணையில் போய்க் கேளுங்கள்.

"ஏழைக்குக் குறைந்த விலையில் மீன் கிடைக்குதே, அதைக் கெடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மீன் வளர்வது பெரும்பாலும் கறிக்கோழிக் கடைக் கழிவில். ரசாயன உரம் போட்ட கீரை வேண்டாம் என்கிற நாம், கழிவில் வளர்ந்த மீனை எந்த வாயால் இயற்கை விளைபொருள் என்று சொல்வது? அடுத்து, ஏரியில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பத்து வகை மீனை ஒரே மீன் தின்றுவிட்டால் ஏழைக்கு அது லாபமா? ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது 1952-ல். அதையும் ஏழையின் புரதம் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு ஜிலேபி இல்லாத ஏரி எது? ஒருமுறை உள்ளே விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வியாபாரியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கவும் முடியாது. ஏரியின் மீன்பாசி ஏலத்தைப் பாருங்கள். ஏலம் எடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும். சீக்கிரம் எடை ஏறும் குஞ்சை விடுகிறார். கடைசியில் மீனை அள்ள மதகைத் திறந்து தண்ணீரை வடிக்கிறார். கடைமடைக்காரன் கதிர் காயும்போது தண்ணீர் இல்லாமல் நிற்கிறான். பல ஊர்களில் நடக்கும் சண்டை இது.

பழைய வழக்கம் வேறு மாதிரி இருந்தது. மதுரை, சிவகங்கைப் பக்கம் இன்றும் சில கண்மாய்களில் நடக்கிறது: பயிர் வீடு வந்து, கோடையில் தண்ணீர் வற்றிய பிறகுதான் ஊர் கூடி ஊத்தாவோடு இறங்கும். அதுவரை கண்மாயில் கைவைக்க மாட்டார்கள். பயிருக்குத் தண்ணீர் முதலில், மீன் பிறகு. மீனுக்கும் இனம் பெருக்க ஒரு பருவம் முழுக்கக் கிடைத்தது.

அந்த வழக்கத்தின் சாரத்தை ஐப்பசித் தூண்டிலுக்கும் கொண்டுவர வேண்டும். முதல் வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு வாய்க்காலிலும் வயலிலும் ஏறுவது முட்டையிட வரும் மீன். அதை வாய்க்காலில் மறித்துப் பொறி வைத்துப் பிடிப்பது, விதைநெல்லை அவித்துத் தின்பதற்குச் சமம். முதல் வெள்ளம் போகட்டும். ஏரி நிறைந்து தண்ணீர் அடங்கிய பிறகு டியூப்பை இறக்குவோம்.

சொல்வதைச் செய்யக்கூடியதாகச் சொல்ல வேண்டும் என்பதால் சில யோசனைகள்.

குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்தால் இப்போதே தூண்டில், வலை எது முடியுமோ அதில் பிடித்துக் குறையுங்கள். வழிந்தோடும் இடத்தில் கரையை உயர்த்தி, நெருக்கமான கம்பிவலை கட்டுங்கள். வலை முழுப் பாதுகாப்பு அல்ல. இந்த மழைக்கு ஒரு தடுப்பு. கோடையில் தண்ணீரை இறைத்து, சேற்றைக் கிளறி மிச்சத்தையும் எடுத்து, தரை வெடிக்கும்வரை காயப்போடுங்கள். பிடித்ததைக் கொன்று குழியில் புதைத்தால் தென்னைக்கு உரம். உயிரோடு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏரியில் தூண்டிலில் ஏறினாலும் திரும்ப விடாதீர்கள். குட்டைக்கு கட்லா, ரோகு, மிருகால், நம்ம விரால் போதும்.

இயற்கை இடுபொருளிலும் கவனம் வேண்டும். மீனைக் கொல்லும் பூச்சிமருந்து தெளிக்கிற வயலிலிருந்து வரும் தண்ணீர் ஏரிக்குக் கேடு என்பது தெரிந்ததுதான். ஆனால் இலுப்பைப் புண்ணாக்கும் மீனைக் கொல்லும். குளத்தில் வேண்டாத மீனை அழிக்கவே அதைப் போடுவார்கள். அடைமழைக்கு முன்னால் அதை வயலில் போட்டு வாய்க்காலில் கரைத்துவிட்டு "இயற்கைதானே" என்று சொல்ல முடியாது.

தெர்மாகோல் தெப்பத்தை விடுங்கள். சாக்கு கிழிந்ததும் வெள்ளை மணிகளாக உதிர்ந்து ஏரி முழுக்க மிதக்கிறது. நம்மகிட்ட வாழை இருக்கிறது. தார் வெட்டிய மரங்களை மூங்கில் குச்சியால் கோத்துக் கட்டினால் சில நாளைக்கு நல்ல தெப்பம்; பிறகு மட்கி உரமாகும்.

தண்ணீரில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டல், சவுடு அள்ளிய ஏரிகளில் இடுப்பளவுத் தண்ணீர் அடுத்த அடியில் ரெண்டு ஆள் ஆழமாகும். தனியாகப் போகாதீர்கள். மிதவைச் சட்டை இல்லாவிட்டால் காற்றடைத்த இன்னொரு சின்ன டியூப்பாவது உடம்பில் இருக்கட்டும். இடி கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். ஐப்பசி இடி விளையாட்டு இல்லை. தேளி கொட்டினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். முள் உள்ளே உடைந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள். உள்நாட்டு மீனவர் சங்கம் குத்தகை எடுத்த ஏரி என்றால் அவர்களைக் கேட்டு இறங்குங்கள். அது அவர்கள் பிழைப்பு.

கடைசியாக ஒன்று. 2022 முதல் தமிழ்நாட்டில் நவம்பர் 1 அன்றும் கிராமசபை நடக்க வேண்டும். சரியாக ஐப்பசி நடுவில் வருகிறது. ஏரி நிறைகிற நேரம், எல்லாருக்கும் ஏரி நினைவில் இருக்கிற நேரம். அன்றைக்கு மூன்று தீர்மானம் கேட்போம். மீன்பாசி ஏல நிபந்தனையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக்கூடாது என்று எழுத வேண்டும். மீறினால் ஏலம் ரத்து. பாசனம் முடியும்வரை மீனுக்காக மதகைத் திறக்கக்கூடாது. முதல் வெள்ளத்தில் வாய்க்காலை மறித்து மீன் பிடிக்கக்கூடாது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள ஊரில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தீர்மானத்தைக் கேட்க எழுந்து நிற்கும்போது எதிரே இருப்பவர் "உங்க குட்டையில என்னங்க மீன் இருக்கு?" என்று கேட்பார். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற நிலையில் நாம் இருக்க வேண்டும். ஆகவே மண்புழு தோண்டுவதற்கு முன்னால், டியூப்புக்குக் காற்றடிப்பதற்கு முன்னால், இந்த வாரமே குட்டைக் கரையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.