வரி ரசீதோடு வாருங்கள், நாகலூர்த் தோழர்களே!

தோழர்களே, ஆகஸ்ட் 15-க்கு இன்னும் அதிக நாள் இல்லை. அன்றுதான் நம் ஊராட்சியின் கிராம சபை. கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நூலகத்துக்காக நாம் கை தூக்க வேண்டிய நாள் அது.

டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் வீட்டு வரி ரசீதை முதலில் எடுங்கள். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றும் சேர்ந்திருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. நூறு ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று தனியாகப் பத்து ரூபாய் கட்டுகிறார். காப்பித் தோட்டத்தில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு களை வெட்டிய கூலியில் போன பணம் அது. ஊராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகிறது. ஆகவே யாரிடமும் நாம் தானம் கேட்கவில்லை. பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறோம்.

இந்த வரிக்கு வழி செய்தது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் மன்றாடியதால், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. ஆணைக்குழுவில் அரசு நியமிப்பவர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது, உள்ளாட்சிகள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். ஆனால் 2019 டிசம்பரில் நாம் வரிசையில் நின்று வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. ஊராட்சியிலேயே நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்றால், ஆணைக்குழுவில் நமக்காக வாய் திறப்பது யார்? பக்கத்துக் கேரளத்தில் தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கிலும் நூலக கவுன்சிலுக்குத் தேர்தல் வைத்தே ஆள் எடுக்கிறார்கள். நமக்கு இன்றைக்கு மிஞ்சியிருக்கும் வாக்கு, கிராம சபையில் தூக்கும் கை ஒன்றுதான். அதையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாமா?

"மலையில் யார் புத்தகம் படிக்கிறார்கள்" என்று கேட்கிறவர்கள் விடிகாலைப் பேருந்தில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும். போன மாதம் என் பக்கத்தில் ஒரு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாளாம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போய், நூலகத்தில் குறிப்பெடுத்துவிட்டு, பொழுது சாயும் முன் திரும்ப வேண்டும். குமட்டலுக்கு உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். மடியில் நோட்டு, ஓரமெல்லாம் மழையில் ஊறி நீல மை படர்ந்திருந்தது. "வாரத்துல ஒரு நாள்தான் அண்ணா போக முடியுது, மத்த நாள் வேலைக்குப் போவணும்" என்றாள். அந்த நோட்டை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மாடு இழுத்துப் போன புத்தகம், ஜீப்பும் பேருந்தும் ஏறுகிற நம் சேர்வராயன் மலைக்கு வந்து சேராதா?

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்தான். மக்கள்தொகை 3,000-ஐத் தாண்டி 10,000-க்குள் இருக்கும் ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். குறைந்தால் ஒத்திவைத்துவிடுவார்கள். ஆகவே 200-க்குக் குறையாமல் கணக்கு வைத்தே கிளம்புவோம். அன்று விடுமுறை, எஸ்டேட்டிலும் வேலை இல்லை. அம்மாக்களே, அக்காமார்களே, ஆண்கள் போனால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி உங்களைவிட அழுத்தமாகப் பேச யாராலும் முடியாது.

நாம் கேட்கப்போவது இவ்வளவுதான்: வேலை முடிந்து வருகிறவர்களுக்காக நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். இரண்டு நாளிதழும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் வரட்டும். தூரத்துச் சிற்றூர்களுக்கு மாதம் இருமுறை புத்தக வண்டி வரட்டும். நாம் கட்டிய நூலக வரி எவ்வளவு, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது என்ற கணக்கைச் சபையில் வாசிக்கட்டும்.

தீர்மானம் போட்ட மறுநாளே புத்தகம் வந்து இறங்கிவிடாது. ஆனால் எழுத்தில் ஏறாத கோரிக்கையை எந்த அலுவலகமும் தேடி எடுக்காது. அதனால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவாதீர்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியது சரியா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஊராட்சித் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் அந்த நகலை நீட்டுவோம். இதற்கு என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டுத்தான் வாக்கு.

இன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குச் சொல்லுங்கள். மழை பெய்தால் குடையோடு வாருங்கள். வரி ரசீது நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.