சிரிப்பல்லாத சிரிப்பு

இலத்தீனின் திட்பம் தமிழ்க் கலைச்சொல்லுக்கு வராது என்போர் இன்றும் உளர். அவர்கள் 'றைசஸ் சார்டோனிக்கஸ்' என்னும் தொடரைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். 'றைசஸ்' இலத்தீனில் சிரிப்பு. தெமட்டகொடைப் புகையிரத எஞ்சின் கொட்டகையில் ஆணி தைத்த தொழிலாளி ஒருவருக்கு ஏற்புவலி கண்டதெனக் கொள்வோம். கிருமியின் நஞ்சினால் முகத்தசைகள் இறுகுகின்றன, புருவம் உயர்கிறது, கடைவாய் பின்னிழுபடுகிறது, பற்கள் தெரிகின்றன. தாடை பூட்டிக்கொள்ள, நினைவு தவறாமலே வதைபடுபவரின் முகத்துக்கு இட்ட பெயர் சிரிப்பு! அடைமொழியோ, சார்டீனியாத் தீவின் நச்சுப்பூண்டைப் பற்றிய பழங்கதை. இதுவா திட்பம்?

இதனை 'ஏளனச் சிரிப்பு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் தமிழன்பர் செய்வதும் பிழையே. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்பது தொல்காப்பியம். நஞ்சு அந்நான்கில் இல்லை. 1867இல் 'இரண வைத்தியம்' என்ற அறுவை நூலைத் தமிழில் தந்தவர் மானிப்பாய் மருத்துவர் கிறீன், அமெரிக்கர். அவருக்குக் கூடியது இன்றைய மருத்துவ பீடத் தமிழருக்குக் கூடாதா? 'ஏற்புமுகம்' என்றால் நோயும் விளங்கும், இடமும் விளங்கும். கட்டிலருகே கலங்கி நிற்கும் மனைவியிடம், "உம்முடைய கணவர் சிரிக்கிறார்" என்று எந்த மருத்துவர் சொல்லுவார்?