சளி எந்த மாசம் கூடுது?

“எப்பப் பாத்தாலும் இவனுக்குச் சளி, டாக்டர்.” ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவருக்கு இது பழகிய புகார். பையனுக்கு நாலு வயது. காய்ச்சல் இல்லை. மூக்கில் தண்ணீராய் ஒழுகுகிறது, கண்ணைக் கசக்குகிறான், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்துக் குறுக்கே கோடே விழுந்துவிட்டது. இத்தனை சாட்சி இருந்தும் சீட்டில் ஏறுவது சளி சிரப்தான்.

“எந்த மாசம் கூடுது?” என்று கேட்டால் தாய் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

ஒவ்வாமைக்குப் பாடநூல் சொல்லும் வசந்தகாலம் இந்தக் கரிசல் காட்டுக்குப் பொருந்தாது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் களத்துக்கு வரும் மார்கழி, தையில் தூசி ஊரையே மூடும். சீமைக் கருவேலம் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் பூக்கும். அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது குவைத், அமீரகம் வரை பதிவான செய்தி. அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டால் புகை. ஐப்பசி மழையில் நனைந்த சுவரில் பூஞ்சை. ஆனி, ஆடியில் புழுதிக் காற்று. ஒரே பையனின் ‘சளி’க்கு இத்தனை மாதங்களில் இத்தனை காரணம் இருக்கக்கூடும். காற்று மாதத்தில் மட்டும் வந்தால் வெளியே தேடலாம். ஆண்டு முழுக்க வந்தால் வீட்டுக்குள்தான் தேட வேண்டும். தலைக்குக் குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. பாட்டியைக் கடிந்துகொள்ளாமல் கேட்பது தனிக் கலை!

மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி இந்தக் காலக் கணக்கைத்தான் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். தும்மலால் அவதிப்பட்ட அவர், காற்றில் மகரந்தத்தை நாள்தோறும் எண்ணினார். உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறியப் பட்டத்தில் பசைக் கண்ணாடி கட்டிப் பறக்கவிட்டார். 1873இல் அவர் நூல் வந்த காலத்தில் ஒவ்வாமை என்ற கருத்தே மருத்துவத்தில் பிறக்கவில்லை. எந்த நாளில் எவ்வளவு என்ற கணக்குதான் அவருக்கு வழி காட்டியது.

சிரப் விஷயத்துக்கு வருவோம். சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது சிக்கிய கோல்ட்ரிஃப் இருமல் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைக் கண்டுபிடித்தது தமிழக ஆய்வகம். நஞ்சு கலந்தது தயாரிப்பாளர் குற்றம், சரி. ஆனால் அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தப் புட்டியே தேவைப்பட்டிருக்காது என்ற கேள்வி, மருந்தை எழுதியவர்களை நோக்கியது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து வேண்டாம், ஐந்துக்குள் பொதுவாகப் பரிந்துரையில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் அந்த ஆண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது.

ஒவ்வாமை உறுதியானால் உப்புநீர்ச் சொட்டும், தூக்கம் தராத ஆன்ட்டிஹிஸ்டமினும் முதலில் போதும். தொடர்ந்து மூக்கடைத்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரே; மொமெட்டசோனை 2 வயது முதல் தரலாம். ‘ஸ்டீராய்டா?’ என்று தாய் பதறுவார். அதை எண்ணி மான்டெலுகாஸ்ட் கலவையை எழுதிவிடுவது சுலபம். ஆனால் மனநிலை மாற்றங்கள் குறித்து அந்த மருந்துக்கு 2020இல் அமெரிக்கா உச்சபட்ச எச்சரிக்கை விதித்திருக்கிறது.

எல்லா ஒழுகலும் ஒவ்வாமையல்ல. இரண்டு வயதுக்குள் மகரந்த ஒவ்வாமை அரிது. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஓர் உளுந்து கிடக்கலாம். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரவில் இருமலும் வீசிங்கும் இருந்தால் ஆஸ்துமாவைத் தேட வேண்டும்.

ஸ்ப்ரேயை எழுதும் நாளில் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவாகும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தாயை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிவிட்டு, சீட்டின் ஓரத்தில் தமிழ் மாதத்தையும் குறித்துக் கொடுத்தால், அடுத்த தையில் அவர் அதே சீட்டோடு வரும்போது பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.