முதல்ல தண்ணீருக்கு இடம், அப்புறம் கட்டடத்துக்கு!



2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னை வறண்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் தரை தட்ட, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. இடையில் நாலே வருஷம்! இரண்டையும் இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இரண்டு துயரத்துக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. தண்ணீர் தங்கவும் ஓடவும் இடம் வைக்காமல் ஊரைக் கட்டினோம்.

இதை இப்போது ஏன் பேசுகிறோம்? 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டக் கிராமங்கள் பல இதற்குள் வந்துவிட்டன. ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த ஊர்கள் இவை. 2026-க்குப் பிறகான மூன்றாவது மாஸ்டர் பிளான் இந்த ஊர்களின் தலையெழுத்தை எழுதப் போகிறது. அதில் ஒரு கோடு தப்பாக விழுந்தால் அடுத்த தலைமுறை இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. ஒரு ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் நிரப்பினால் 33 லாரிக்கு மேல் வரும். மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கி நம்ம கிணற்றுக்கு வரும். சிமென்ட் போட்டு மூடினால் கிட்டத்தட்ட மொத்தமும் தெருவுக்கு வரும். அன்றைக்கு வெள்ளம்; ஆறு மாசம் கழித்து அதே தெருவில் குடத்தோடு வரிசை.

தி.நகர் எங்கே நிற்கிறது தெரியுமா? 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்த இடத்தில். வள்ளுவர் கோட்டம் இருப்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்ற பெயர்களிலேயே தாங்கல், அதாவது சிறு ஏரி, இருக்கிறது. பெயர் இருக்கு, ஏரியைத்தான் தேட வேண்டியிருக்கு.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இதன் பெரிய சாட்சி. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் சேரும். அதன் மேல் குப்பைக் கிடங்கு வந்தது, சாலை வந்தது, கம்பெனிகள் வந்தன. மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் தண்ணீர் வந்து சேரும் வழியைக் காக்காமல் குளத்தை மட்டும் காப்பது, வாசலை அடைத்துவிட்டு விருந்துக்கு அழைப்பது மாதிரி.

இதில் ஏழைக்கு இரட்டை அடி. ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் குடிசைகளை அகற்றினார்கள். கொண்டுபோய் வைத்தது எங்கே? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். வெள்ளத்துக்குப் பயந்து மாற்றியவர்களை மறுபடியும் வெள்ளத்திலேயே கொண்டுபோய் விட்டதற்குப் பெயர் திட்டமிடலா?

"அப்போ வளர்ச்சி வேண்டாமா, வீடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். நாம் கேட்பது வரிசை மாறாத திட்டம்:

1. முதலில் மண்ணைப் படியுங்கள். மேடு எது, பள்ளம் எது, ஏரியின் கலங்கல் நிரம்பினால் தண்ணீர் எந்த வழி போகும், நிலத்தடி நீர் எங்கே ஊறுகிறது என்பதைக் குறித்த பிறகுதான் சாலையும் மனையும் வரைய வேண்டும்.

2. ஏரியைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். மேல் ஏரி, வரத்துக் கால்வாய், கீழ் ஏரி எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி.

3. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்பது விதி. விற்காத மூலையை அதற்குத் தள்ளாமல், தண்ணீர் இயல்பாக வந்து சேரும் பள்ளத்தை விடச் சொல்லுங்கள்.

4. நிலத்தடி நீரை எடுக்கும் அளவுக்கு எல்லை வேண்டும். அளவில்லாமல் உறிஞ்சியதால் மீஞ்சூர் பகுதியில் கடல்நீரே உள்ளே வந்த பாடம் நம்மிடம் இருக்கிறது.

5. மேட்டு நிலத்திலும் ரயில் பாதையை ஒட்டியும் உயரமாகக் கட்டுங்கள். பள்ளத்தைத் தண்ணீருக்கு விடுங்கள்.

இதெல்லாம் அதிகாரிகள் வேலை என்று நீங்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வரைவுத் திட்டம் வெளிவந்ததும் உங்கள் ஊர்ப் பக்கத்தை எடுங்கள். கிராம வரைபடத்தையும் புல எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கேயாவது குடியிருப்பு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய தண்ணீர் வழியைக் கேளுங்கள். தப்பு தெரிந்தால் புல எண்ணோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

வீடு கட்டியபின் போராடினால் இடிக்கப்படுவது கடன் வாங்கிக் கட்டிய உங்கள் வீடுதான். கோடு போடும்போதே கேட்டால் காகிதத்தில் ஒரு கோடு மட்டும்தான் அழியும்.

கேளுங்கள். இப்போதே கேளுங்கள்!

#தண்ணீருக்கு_இடம்_விடு